பென்ஷன் பணம் எங்கே போய் உட்காரலாம்? டிக் போடுவதற்கு முன் ஓர் ஒப்பீடு

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் மெரிபேங்க் பகுதியில் இருக்கும் என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணா, துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு ஒரு ஃபாரத்தை எடுத்து வைத்தார். பென்ஷன் பணத்தை எந்த வகையில் போடலாம் என்று கேட்கும் ஃபாரம். வழக்கமான பேலன்ஸ்டு ஃபண்ட் ஒரு கட்டம், 'பொறுப்பான முதலீடு' ஒரு கட்டம், ஷரியா ஃபண்ட் ஒரு கட்டம். எதிலும் டிக் போடாவிட்டால் பணம் தானாக முதல் கட்டத்துக்குப் போய்விடும்.

"தங்கச்சி, நீதானே ஆபீசில் சம்பளக் கணக்குப் பார்க்கிறாய். எதில் போட?"

கையில் போனும் இருந்தது. இப்போது பணம் இருக்கும் ஃபண்டின் முதல் பத்துப் பங்குகளின் பட்டியலைத் திறந்து வைத்திருந்தார். ஐந்தாவதோ ஆறாவதோ வரியில் ஒரு சிகரெட் கம்பெனி. பெரியப்பா கடைசி இரண்டு வருடம் ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த ஜன்னல் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அண்ணா அந்த வரியின் மேல் கட்டைவிரலை வைத்தபடி பேசாமல் இருந்தார்.

இதே கேள்வி கோயில் வாசலிலும் வாட்ஸ்அப்பிலும் அடிக்கடி வருவதால் அன்று பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். நான் உரிமம் பெற்ற ஆலோசகர் இல்லை. இந்த நாட்டில் உரிமம் இல்லாமல் நிதி ஆலோசனை சொல்வது சட்டப்படி குற்றம். அதனால் 'இதை வாங்கு' என்று சொல்லப் போவதில்லை. எதைப் பார்த்து முடிவெடுப்பது என்பதை மட்டும் சொல்கிறேன்.

## முதலில், உங்களுக்குத் தேர்வு இருக்கிறதா?

மேசைக்கு எதிரில் பெரியக்கா இருந்தார். அரசு மருத்துவமனையில் நர்ஸ். "எனக்கும் ஒரு ஃபாரம் வாங்கிக் கொடேன்" என்றார். அவருக்கு ஃபாரமே கிடையாது. அரசு ஊழியர்களின் பணம் ஜிஇபிஎஃப் என்னும் அரசு ஊழியர் ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. ஆப்பிரிக்காவிலேயே பெரிய பென்ஷன் நிதி அதுதான். அங்கே பென்ஷன் என்பது சம்பளத்தையும் வேலை பார்த்த வருடங்களையும் வைத்துப் போடும் ஒரு சூத்திரம். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அக்காவின் சூத்திரம் மாறாது. பணத்தை எங்கே போடுவது என்பதைப் பிஐசி என்னும் அரசு முதலீட்டு நிறுவனம் பார்த்துக்கொள்கிறது. அக்காவின் கருத்து போய்ச் சேர ஒரே வழி தொழிற்சங்கமும் அறங்காவலர் குழுவும்தான்.

தனியார் வேலையில் இருப்பவர்கள் 1956ஆம் ஆண்டுப் பென்ஷன் நிதிச் சட்டத்துக்குள் வருகிறார்கள். அங்கே நிதியை நடத்தும் அறங்காவலர்களில், அதாவது டிரஸ்டிகளில், குறைந்தது பாதிப் பேரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. பல கம்பெனிகள் சேர்ந்த அம்பிரெல்லா ஃபண்டுகளில் இது அப்படியே நடப்பதில்லை, விதிவிலக்கு வாங்கியிருப்பார்கள். உங்கள் நிதியில் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிலவற்றில் அண்ணாவுக்கு வந்ததுபோல ஃபாரம் வரும், சிலவற்றில் வராது. சொந்தமாக ரிட்டயர்மென்ட் ஆன்யூட்டி (கம்பெனி வழியாக இல்லாமல் தாமே கட்டும் ஓய்வுக்காலச் சேமிப்பு) போட்டு வைத்திருப்பவருக்குத்தான் முழுச் சுதந்திரம். ஃபண்டை மாற்றலாம், கம்பெனியையே மாற்றலாம்.

இன்னொரு சந்தேகமும் அன்று வந்தது. "டிரஸ்டிகள் லாபத்தை மட்டும்தானே பார்க்க வேண்டும்? புகை, தூசி என்று பார்த்தால் சட்டம் விடுமா?" என்று அண்ணா கேட்டார். விடும். உண்மையில் பார்க்கத்தான் சொல்கிறது. பென்ஷன் நிதிகளை ஆளும் 28ஆம் விதி 2011இல் திருத்தப்பட்டபோது ஒரு வாசகம் சேர்ந்தது: ஒரு முதலீட்டின் நீண்டகாலப் பலனைக் கணிசமாகப் பாதிக்கக்கூடிய எதையும், சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாக ஒழுங்கு ஆகியவை உட்பட, வாங்கும் முன்பும் வைத்திருக்கும்போதும் கவனிக்க வேண்டும். நிதித்துறைக் கண்காணிப்பு ஆணையம் 2019இல் இதற்கென்று வழிகாட்டுதலும் வெளியிட்டது. ஆகவே 'நல்லது பார்த்தால் லாபம் போகும், சட்டம் தடுக்கும்' என்று யாராவது சொன்னால் அவர் விதியைப் படிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான் ஐந்து விஷயம் பார்ப்பேன்.

கட்டணம். 1 லட்சம் ராண்டை வருடம் 9 விழுக்காட்டில் 20 வருடம் விட்டால் சுமார் 5 லட்சத்து 60 ஆயிரம் ஆகும். அரை விழுக்காடு கூடுதல் கட்டணம் போய் 8.5 கிடைத்தால் சுமார் 5 லட்சத்து 11 ஆயிரம்தான். அந்த அரைக்கு விலை 49 ஆயிரம் ராண்ட். எல்லாச் செலவையும் சேர்த்த ஒரே எண்ணை 'எஃபெக்டிவ் ஆன்யுவல் காஸ்ட்' என்று கேட்டால் கொடுப்பார்கள். கேட்டால்தான் கொடுப்பார்கள்.

உள்ளே இருப்பது. பெயரை விடுங்கள். முதல் பத்துப் பங்குகளைப் பாருங்கள்.

ஓட்டு. பங்கு உங்கள் பணத்தில் வாங்கப்பட்டாலும் ஆண்டுக் கூட்டத்தில் ஓட்டுப் போடுபவர் ஃபண்ட் மேனேஜர். எப்படிப் போட்டார் என்று வெளியிடுகிறாரா?

பரவல். ஜோகன்னஸ்பர்க் பங்குச் சந்தையில் ஒரு சில பெரிய கம்பெனிகளே பெரும்பகுதி. அதில் நாலைந்தை நீக்கினாலே கூடையின் உருவம் மாறிவிடும்.

வெளியேறும் வழி. பிடிக்காவிட்டால் எத்தனை நாளில், என்ன செலவில் மாற முடியும்?

## வழக்கமான பேலன்ஸ்டு ஃபண்ட்

பங்கு, பாண்டு (வட்டி தரும் கடன்பத்திரம்), சொத்து, வெளிநாடு எல்லாம் கலந்த குழம்பு. 28ஆம் விதிப்படி பங்குகள் அதிகபட்சம் 75 விழுக்காடு, வெளிநாடு 45 விழுக்காடு. பெரிய கம்பெனியின் பேரத்தால் கட்டணம் பெரும்பாலும் இதில்தான் குறைவு. பரவலிலும் இதை அடித்துக்கொள்ள முடியாது.

மறைந்திருக்கும் விலை இரண்டு. ஒன்று, உங்களுக்குப் பிடிக்காததும் உங்களுடையதாக இருக்கும்: சிகரெட், நிலக்கரி, சூதாட்ட விடுதி எல்லாம். இரண்டாவது, மேனேஜர் தூங்கினால் உங்கள் ஓட்டும் தூங்கும்.

இந்த இரண்டாவதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் பென்ஷன்காரர்களை அதிகம் அடித்தது புகையோ தூசியோ இல்லை, நிர்வாகப் புரட்டு. 2017 டிசம்பர் 5 இரவு ஸ்டைன்ஹாஃப் என்ற பெரிய சில்லறை வணிகக் கம்பெனியின் தலைமை நிர்வாகி பதவி விலகினார். மறுநாள் ஒரே நாளில் பங்கு 60 விழுக்காட்டுக்கு மேல் விழுந்தது, சில நாளில் ஏறக்குறையக் காகிதமாகிவிட்டது. பிற்பாடு நடந்த விசாரணை, 650 கோடி யூரோ அளவுக்குப் பொய்யான அல்லது முறையற்ற பரிவர்த்தனைகள் 2009 முதலே நடந்ததாகச் சொன்னது. பெரியக்காவின் ஜிஇபிஎஃப் அதில் பெரிய பங்குதாரர்களில் ஒன்று. எட்டு வருடம் ஆண்டுக் கூட்டங்கள் நடந்தன, ஓட்டுகள் போடப்பட்டன, கணக்குகள் ஏற்கப்பட்டன.

டொங்காட் ஹியூலெட் கதை நமக்கு இன்னும் கிட்டத்தில். 1860இல் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து வந்து சேர்ந்ததிலிருந்து நம்மவர்கள் குனிந்து வெட்டிய அந்தக் கரும்புத் தோட்டங்களின் வழிவந்த கம்பெனி. டொங்காட் ஊரில் இன்றும் பாதிக் குடும்பங்களில் யாராவது ஒரு தாத்தா அந்த மில்லில் இருந்திருப்பார். 2019இல் முந்தைய வருடங்களின் லாபத்தைக் கூட்டிக் காட்டியிருந்தது வெளியே வந்தது, பங்கு வர்த்தகம் நிறுத்திவைக்கப்பட்டது, 2022 அக்டோபரில் கம்பெனி 'பிசினஸ் ரெஸ்க்யூ' என்னும் சட்டப்படியான மீட்பு நடவடிக்கைக்குள் போனது. தாத்தாவின் முதுகும் பேரனின் பென்ஷனும் ஒரே இடத்தில் போய் ஒடிந்தன.

விழித்திருக்கும் மேனேஜர் இருந்தால் இதே ஃபண்டே வேறு மாதிரி. 2016 ஆகஸ்ட் கடைசியில் ஃபியூச்சர்குரோத் என்ற கடன்பத்திர நிறுவனம், மின்சாரம் தரும் எஸ்காம், ரயிலையும் துறைமுகத்தையும் நடத்தும் டிரான்ஸ்நெட் உட்பட 6 அரசு நிறுவனங்களுக்குப் புதுக் கடன் கொடுப்பதை நிறுத்துகிறோம், நிர்வாகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று பகிரங்கமாகவே அறிவித்தது. கையில் இருந்ததை விற்றுவிட்டு ஓடவில்லை. 'அடுத்த கடன் இல்லை' என்ற ஒரே வாக்கியத்தில் ஊரையே பேச வைத்தது. 2019இல் ஸ்டாண்டர்ட் பேங்க் ஆண்டுக் கூட்டத்தில் பருவநிலை பற்றிய தீர்மானம் ஓட்டுக்கு வந்தது, இந்த நாட்டில் அது முதல் முறை. அதில் ஒரு பகுதிக்குப் பெரும்பான்மையும் கிடைத்தது. அந்த ஓட்டுகளில் பென்ஷன் பணத்தின் ஓட்டுகளும் உண்டு.

யாருக்கு இது சரி: ஓய்வுக்குப் பத்து வருடத்துக்குள் இருப்பவர், கம்பெனியின் மலிவான கட்டணம் கிடைப்பவர், டிரஸ்டிகளிடம் கேள்வி கேட்கத் தயங்காதவர்.

## 'பொறுப்பான முதலீடு' என்று பெயர் வைத்தவை

அண்ணாவின் கை முதலில் இந்தக் கட்டத்துக்குத்தான் போனது. நான் பிடித்து நிறுத்தினேன்.

பெயரின் கீழ் மூன்று வகை ஒளிந்திருக்கும். சிலது சில தொழில்களை அடியோடு ஒதுக்கும். சிலது ஒவ்வொரு தொழிலிலும் 'இருப்பதில் நல்லவனை' எடுக்கும், அதாவது நிலக்கரிக் கம்பெனிகளில் கொஞ்சம் சுத்தமான நிலக்கரிக் கம்பெனி. சிலது எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு மதிப்பெண்ணுக்கு ஏற்ப ஏற்றி இறக்கும். அண்ணாவின் ஃபாரத்தில் இருந்தது மூன்றாவது வகை. அதன் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். பத்தில் ஏழு பெயர் பழைய ஃபண்டில் இருந்ததேதான். சிகரெட் கம்பெனியும் இருந்தது, என்ன, இரண்டு வரி கீழே. கட்டணம் மட்டும் மேலே.

"இதற்கா கூடக் காசு?" என்றார் அண்ணா.

எல்லாம் இப்படி என்று சொல்லமாட்டேன். உண்மையாகவே ஒதுக்கும் ஃபண்டுகளும் உண்டு. ஆனால் ஒதுக்குவதற்கும் ஒரு விலை இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆங்கிலோ அமெரிக்கன் என்ற சுரங்கக் கம்பெனி தன் தென்னாப்பிரிக்க நிலக்கரிச் சுரங்கங்களைப் பிரித்து துங்கேலா என்ற பெயரில் 2021 ஜூனில் தனியே பட்டியலிட்டது. பங்கு சுமார் 22 ராண்டில் தொடங்கியது. நிலக்கரி ஆகாது என்று விற்றவர்கள் ஏராளம். அப்புறம் உக்ரைன் போர் வந்தது, நிலக்கரி விலை எகிறியது, 2022இல் அந்தப் பங்கு 300 ராண்டைத் தாண்டியது. பிறகு பெருமளவு இறங்கியும்விட்டது. கையைக் கழுவியவர்கள் அந்த லாபத்தை விட்டார்கள். சுரங்கமோ ஒரு நாளும் நிற்கவில்லை, வேறு ஒருவர் பெயரில் தோண்டிக்கொண்டே இருந்தார்கள்.

அப்படியானால் விலகுவதால் பயனே இல்லையா? இந்த விவாதத்தின் ஊர் நம்முடைய ஊர்தான் என்பதை மறக்கக் கூடாது. 1977இல் லியோன் சல்லிவன் என்ற அமெரிக்கப் போதகர், ஜெனரல் மோட்டார்ஸ் இயக்குநர் குழுவில் இருந்தவர், தென்னாப்பிரிக்காவில் தொழில் செய்யும் அமெரிக்கக் கம்பெனிகளுக்குச் சில நெறிகளை வகுத்தார். ஒரே சாப்பாட்டு அறை, சம வேலைக்குச் சமச் சம்பளம் என்கிற மாதிரி. வெளியேறாதே, உள்ளே இருந்து மாற்று என்பது அதன் சாரம். பத்து வருடம் பார்த்தார். 1987இல் அவரே, இது போதவில்லை, கம்பெனிகள் வெளியேற வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதற்கு ஒரு வருடம் முன்னால் கலிஃபோர்னியா மாநிலம் தன் பென்ஷன் நிதிகளை அத்தகைய கம்பெனிகளிலிருந்து விலக்கச் சட்டமே போட்டிருந்தது. முதலில் பேச்சு, கெடு, பிறகு விலகல் என்ற வரிசையில் விலகலுக்குப் பல் இருந்தது. பேசாமல் ஓசைப்படாமல் விற்றுவிட்டுப் போவதற்கு அந்தப் பல் கிடையாது. நான் ஒரு ஃபண்டை எடைபோடும்போது இந்த வரிசை அதனிடம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

சூழல் ஆபத்து என்பதும் வெறும் மனசாட்சி விஷயம் இல்லை. தெற்கு டர்பனில் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் வீடுகளுக்கும் நடுவே ஒரு சாலைதான் இருக்கும். எங்கன் ஆலையில் 2020 டிசம்பரில் வெடித்துத் தீப்பிடித்தது. அதன் பிறகு அங்கே எண்ணெய் சுத்திகரிக்கவே இல்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில், டர்பன் இருக்கும் குவாசுலு நட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பிராஸ்பெக்டனில் டொயோட்டா தொழிற்சாலை சேறு புகுந்து மாதக்கணக்கில் நின்றது. அந்தச் சேற்றை மிதித்துத்தான் அண்ணா வேலைக்குப் போனார். 'பருவநிலை அபாயம்' என்று ஃபாரத்தில் எழுதியிருப்பதை அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

யாருக்கு இது சரி: பட்டியலைத் தாங்களே படித்து, ஒதுக்கும் விதியை எழுத்தில் பார்த்து, கூடுதல் கட்டணம் கால் விழுக்காட்டுக்குள் இருந்தால்.

## ஷரியா ஃபண்ட்

இந்தக் கட்டத்தைப் பார்த்ததும் அண்ணா சிரித்தார். "அது பாய்மார்களுக்கு" என்றார். அப்படி இல்லை, யார் வேண்டுமானாலும் போடலாம். எனக்குத் தெரிந்த முருக பக்தர் ஒருவர், வருடம் தவறாமல் காவடி எடுப்பவர், பத்து வருடமாகத் தன் ஆன்யூட்டியை இதில்தான் வைத்திருக்கிறார். காரணம் எளிது: மது, புகையிலை, சூதாட்டம், ஆயுதம் நான்கும் கிடையாது, அதை ஒரு மார்க்க அறிஞர் குழு தொடர்ந்து சரிபார்க்கிறது. இந்த நாட்டில் ஒதுக்கும் விதியை ஒளிவுமறைவு இல்லாமல் எழுதி வைத்து, வருடக்கணக்கில் கடைப்பிடித்து வருபவை இவைதான். ஒயாசிஸ் கிரசென்ட், ஓல்ட் மியூச்சுவல் அல்பராகா போன்ற பெயர்கள் டர்பனில் எல்லாருக்கும் பழக்கம். தவறான வழியில் துளி வருமானம் வந்தாலும் அதைக் கணக்கிட்டுப் பிரித்துத் தர்மத்துக்குக் கொடுத்துவிடுவார்கள்.

விலை எங்கே இருக்கிறது? வட்டியில். வட்டி கூடாது என்பதால் வங்கிகளும் காப்பீட்டுக் கம்பெனிகளும் வெளியே. ஜோகன்னஸ்பர்க் சந்தையில் அது பெரிய துண்டு. சாதாரண அரசு பாண்டுகளும் வெளியே. இந்த நாட்டு அரசு பாண்டுகள் நல்ல வட்டி தருபவை, பேலன்ஸ்டு ஃபண்டுக்கு அதுதான் குஷன். அதற்குப் பதில் சுக்கூக் என்னும் வட்டியில்லாப் பத்திரங்கள் உண்டு, ஆனால் சந்தையில் அவை கொஞ்சம்தான். கடன் அதிகம் வாங்கிய கம்பெனிகளையும் ஒதுக்குவதால் சில சமயம் அதுவே காப்பாற்றும்.

இன்னொன்று, ஷரியாவின் பட்டியல் உங்கள் மனசாட்சியின் பட்டியல் இல்லை. நிலக்கரிக்கு அதில் தடை இல்லை, ஆற்றைக் கெடுக்கும் சுரங்கத்துக்கும் இல்லை. கோழிப் பண்ணைக்கும் தடை இல்லை; புரட்டாசி மாதம் மட்டும் கோழிக் கம்பெனியை ஒதுக்கும் ஃபண்டை இதுவரை யாரும் தொடங்கவில்லை.

யாருக்கு இது சரி: மதுவும் புகையும் சூதும்தான் நெஞ்சை உறுத்துகிறது, ஓய்வுக்கு இன்னும் பதினைந்து இருபது வருடம் இருக்கிறது என்பவருக்கு. அறுபதை நெருங்குபவர் பாண்டு இல்லாத ஆட்டத்தைத் தாங்க முடியுமா என்று யோசிக்க வேண்டும்.

## உள்கட்டமைப்பில் போடுவது

அண்ணாவின் ஃபாரத்தில் இது இல்லை, ஆனால் பேச்சு இங்கேதான் சூடானது. சாலை, தண்ணீர், மாணவர் விடுதி, காற்றாலை, சூரியமின் பண்ணை. 2023 ஜனவரி முதல் 28ஆம் விதி மொத்தத்தில் 45 விழுக்காடு வரை உள்கட்டமைப்பில் போட இடம் தருகிறது. போடு என்று கட்டாயப்படுத்தவில்லை, இடம் தருகிறது.

கட்டாயம் என்ற சொல்லுக்கு இங்கே பழைய வடு இருக்கிறது. இனவெறி ஆட்சிக் காலத்தில் பென்ஷன் நிதிகள் இவ்வளவு பங்கை அரசு பாண்டுகளிலும் அரசு நிறுவனங்களிலும் போட்டே ஆக வேண்டும் என்று விதி இருந்தது. ஒரு கட்டத்தில் அது 53 விழுக்காடு. 1989இல்தான் எடுத்தார்கள். அதாவது, இனம் பார்த்துக் குடியிருப்பைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் வீட்டைப் பிடுங்கி நம்மவர்களை டர்பனின் சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பிய அரசுக்கே நம்மவர்களின் பென்ஷன் பணம் கடனாகவும் போனது. ஆகவே இன்றைக்கு அரசியல்வாதிகள் மறுபடி 'நிர்ணயிக்கப்பட்ட முதலீடு' என்று பேச்செடுக்கும்போது பெரியவர்கள் முகம் சுளிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

பெரியக்கா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "தண்ணீர் லாரி வரும்வரை வார்டில் வாளியோடு நிற்கிறவள் நான். என் பணம் ஒரு குழாய்க்குப் போனால் எனக்குச் சந்தோஷம்தான்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. என் கணக்கு வேறு மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

இதில் உங்கள் பணம் உங்கள் ஊரிலேயே வேலை செய்யும், பங்குச் சந்தை விழும்போது பெரும்பாலும் கூடவே விழாது. ஆனால் அவசரத்துக்கு விற்க முடியாது, தினசரி விலை கிடையாது, கட்டணம் கூடுதல், யார் கையில் திட்டம் இருக்கிறது என்பதே எல்லாம். தனி ஆள் நேரடியாகப் போடுவதும் கடினம். பெரும்பாலும் பேலன்ஸ்டு ஃபண்டின் உள்ளே ஒரு சிறு கரண்டியாகத்தான் வரும். எவ்வளவு கரண்டி, எந்தத் திட்டம் என்று டிரஸ்டிகளிடம் கேட்கலாம்.

## எடுத்துவிட்டு நாமே நல்லது செய்தால்?

"சேமிப்புப் பானையில் இருப்பதை எடுத்துக் கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்துவிடலாமா?" என்று அண்ணி சமையலறையிலிருந்து கேட்டார். 2024 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள இரண்டு பானை முறையில் மாதா மாதம் போடுவதில் மூன்றில் ஒரு பங்கு சேமிப்புப் பானைக்குப் போகிறது. வரி வருடத்துக்கு ஒரு தடவை, குறைந்தது 2,000 ராண்ட் எடுக்கலாம். ஆனால் எடுக்கும் தொகை சம்பளத்தோடு சேர்ந்து வரிக்குப் போகும். அன்னதானத்துக்கு முன்னால் வரித்துறை தன் இலையைப் போட்டு உட்கார்ந்துவிடும். வேண்டாம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | பேலன்ஸ்டு | 'பொறுப்பான' | ஷரியா | உள்கட்டமைப்பு |
|---|---|---|---|---|
| கட்டணம் | பெரும்பாலும் குறைவு | கொஞ்சம் கூடுதல் | நடுத்தரம் | அதிகம் |
| உள்ளே என்ன என்பதில் தெளிவு | பட்டியல் உண்டு, விதி இல்லை | பெயருக்கும் பொருளுக்கும் தூரம் இருக்கலாம் | விதி எழுத்தில் உண்டு | திட்டத்தைப் பொறுத்தது |
| ஓட்டின் பலம் | மேனேஜர் விழித்திருந்தால் அதிகம் | ஒதுக்கியதில் ஓட்டு இல்லை | ஒதுக்கியதில் ஓட்டு இல்லை | கடன் கொடுப்பவரின் பேரம் |
| பரவல் | நல்லது | வகையைப் பொறுத்தது | வங்கியும் பாண்டும் இல்லை | குறைவு |
| மாறுவது | எளிது | எளிது | எளிது | கடினம் |

## அண்ணா என்ன செய்தார்

அவருக்கு வயது 47. கம்பெனி நிதியில் மூன்று கட்டத்தில் முதல் கட்டத்திலேயே விட்டார், கட்டணம் அங்கேதான் குறைவு. தனியாக மாதம் 800 ராண்ட் கட்டிவரும் ரிட்டயர்மென்ட் ஆன்யூட்டியை மட்டும் ஷரியா ஃபண்டுக்கு மாற்ற எழுதிக் கொடுத்தார். சிகரெட் இல்லாத ஒரு காசாவது இருக்கட்டும் என்றார். நான் மறுக்கவில்லை. கணக்குப்படி பார்த்தால் கம்பெனி நிதி என்ற பெரிய பானையில் சிகரெட் இன்னும் இருக்கிறது, அது அவருக்கும் தெரியும்.

பெரிய பானைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து டிரஸ்டிகளுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினோம், நான்கே கேள்வி: மேனேஜர் போன வருடம் எந்தெந்தக் கூட்டத்தில் எதிர்த்து ஓட்டுப் போட்டார்? எதிர்க்கக் காரணம் என்ன? புகையிலை பற்றி நிதிக்கு எழுதப்பட்ட கொள்கை உண்டா? மொத்தக் கட்டணம் எத்தனை விழுக்காடு?

மூன்று வாரம் ஆகியும் பதில் இல்லை. மறுபடி அனுப்பினோம். நான்காவது கேள்விக்கு மட்டும், ஒரே வரியில், 1.12 என்று வந்தது. மற்ற மூன்றுக்கும் 'உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது'. எந்தப் பிரிவு என்று சொல்லவில்லை.

உறுப்பினர் தரப்பு டிரஸ்டி இடம் ஒன்று மார்ச்சில் காலியாகிறதாம். வேட்புமனுவில் முன்மொழிபவர், வழிமொழிபவர் இருவரும் அதே கம்பெனி ஆட்களாக இருக்க வேண்டும். அண்ணா கிடங்கில் ஒருவரைப் பிடித்துவிட்டார். இன்னொருவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.